ஐந்தே பொருள் சாப்பிடும் குழந்தைக்கு ஆறாவதை எப்படிக் கொடுப்பது: ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் சாப்பாட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகனுக்கு 4 வயதாக இருந்தபோது அவன் சாப்பிட்டது மொத்தம் 5 பொருள்: பால், ஒரே ஒரு வகை பிஸ்கட், அப்பளம், இட்லி, காட்பாடியில் ஒரு கடைக் குஸ்கா. இப்போது அவனுக்கு 11 வயது. அவன் சாப்பிடும் பட்டியலில் 27 பொருள் இருக்கிறது.

தெரபி மைய வராந்தாவில் புதிதாக வரும் பெற்றோரிடம் பேசும்போது, பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன். புதுச் சாப்பாட்டை எப்படியாவது வாய்க்குள் கொண்டுபோவதில்தான் தொடங்குகிறார்கள். அது கடைசிப் படி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. அந்த வரிசை மாறினால் இருக்கிற 5 பொருளில் ஒன்று போய் 4 ஆகிவிடும். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டியதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு 80 பக்க நோட்டு, மில்லி அளவு போட்ட டம்ளர், ஒரு டீஸ்பூன், கால் வைக்க மனை அல்லது சின்ன ஸ்டூல், ஒரே மாதிரியான இரண்டு சின்னத் தட்டு, ஒரு டைமர். செலவு அவ்வளவுதான்.

பொருளைவிட முக்கியம், வீட்டில் சாப்பாடு கொடுக்கும் எல்லோரும் ஒரே பேச்சில் நிற்பது. அம்மா ஒரு மாதிரி, அப்பா ஒரு மாதிரி, ஆயா (பாட்டி) ஒரு மாதிரி கொடுத்தால் குழந்தைக்கு எதையும் நம்ப முடியாது. தொடங்குவதற்கு முன்பே எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். கத்திரி வெயிலில் தொடங்காதீர்கள். வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் பெரியவர்களுக்கே சோறு இறங்காது. காய்ச்சல் விட்ட வாரம், வீடு மாறிய மாதம், பள்ளி திறக்கும் நேரம் இவையும் வேண்டாம். அப்போது இருப்பதைக் காப்பாற்றினாலே போதும்.

1. முதலில் உடம்பில் வலி இருக்கிறதா என்று பாருங்கள்

பேச்சு வராத குழந்தை வயிறு வலிக்கிறது என்று சொல்லாது, தட்டைத் தள்ளிவிடும். நாம் அதை அடம் என்கிறோம். வலி இருக்கும்வரை அடுத்த எந்தப் படியும் வேலை செய்யாது. அதனால்தான் இது முதல் படி.

அதிகம் தவறவிடுவது மலச்சிக்கல். பாலும் பிஸ்கட்டும் மட்டும் சாப்பிடும் குழந்தைக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மூன்று நாளுக்கு ஒருமுறை போவது, கட்டியாகப் போவது, காலைப் பின்னிக்கொண்டு மூலையில் நிற்பது, இவை அறிகுறிகள். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. உள்ளே கட்டியாக அடைத்திருக்கும்போது அதன் ஓரமாகத் தண்ணீராகக் கசிந்து உள்ளாடை நனையும். அதைப் பேதி என்று நினைத்து, பேதிக்கு மருந்து கொடுத்துவிடுகிறார்கள். மலத்தை இளக்கும் மருந்து மருத்துவர் எழுதித் தந்தால், ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது என்று நிறுத்தாதீர்கள். குடல் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும்.

அடுத்து பல். கடைவாயில் சொத்தை இருந்தால் மெல்ல வேண்டிய எதையும் தொடமாட்டான். பல் தேய்க்க விடாத குழந்தைகளுக்கு இது சாதாரணம்.

மூன்றாவது, விழுங்குவது. தண்ணீர் குடிக்கும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி நெஞ்சுச் சளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் புதிய பதம் எதையும் முயலும் முன் விழுங்குவதைப் பரிசோதிக்கத் தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். மூச்சுக்குழாயில் உணவு போகிற குழந்தைக்கு வீட்டில் பயிற்சி கொடுப்பது ஆபத்து.

சாப்பிடும் மாத்திரைகளையும் கேளுங்கள். கவனக்குறைவுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் பசியைக் குறைக்கும். அதிக எரிச்சலுக்கும் கோபத்துக்கும் தரும் ரிஸ்பெரிடோன் பசியைக் கூட்டி எடையை ஏற்றும். மருந்து நேரத்தை ஒட்டிச் சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டியிருக்கலாம். மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பு சேர்த்துவைத்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது), வைட்டமின் டி, பி12 பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். "எடை சரியாகத்தானே இருக்கு" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எடை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். பாலும் பிஸ்கட்டும் எடையைக் காப்பாற்றும், சத்தைக் காப்பாற்றாது.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழம், காய் எதையுமே வருடக்கணக்கில் தொடாத குழந்தை திடீரென்று நடக்க மறுத்தால், கால் வலியால் அழுதால், ஈறில் ரத்தம் வந்தால், அது வைட்டமின் சி குறைபாட்டால் வரும் ஸ்கர்வியாக இருக்கலாம். பழைய காலத்து மாலுமிகளின் நோய் என்று படித்திருப்போம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் அது இன்றும் வருகிறது. எலும்பு மருத்துவரிடம் போனால் எக்ஸ்ரே எடுப்பார். குழந்தை என்ன சாப்பிடுகிறது என்ற பட்டியலை நீங்களே எடுத்து நீட்டுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அதேபோல், மாலையானால் தடுமாறினால் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். கண் மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும்.

மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு தின்றால் அதையும் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைவோடு இது சேர்ந்து வருவதுண்டு. பெயிண்ட் தின்னும் குழந்தைக்கு ஈயம் பார்க்க வேண்டும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையை உங்கள் குழந்தை விழுங்கியதா, துப்பியதா என்று விசாரியுங்கள். துப்பியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

எங்கே போவது? வேலூரில் இருப்பவர்களுக்கு சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிக்கான தனிப் பிரிவு இருக்கிறது. பாகாயத்தில் அவர்களுடைய மனநல மையத்தில் குழந்தைகளுக்கான நம்பிக்கை நிலையம் இருக்கிறது. அரசு வழியில் போவதென்றால் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் என்று கேளுங்கள். 2019-ல் மாவட்டம் பிரிந்தபிறகு ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் முதலில் தங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரிக்கலாம். பாதி நாள் பயணம் மிச்சமாகும்.

2. 7 நாள் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

நோட்டை எடுத்து, குழந்தை வாயில் போடும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். நேரம், பொருள், அளவு, எந்தத் தட்டு, யார் கொடுத்தது. பாலை மில்லியில் எழுதுங்கள். நடுவில் கொடுத்த அரைப் பிஸ்கட்டையும் விடாதீர்கள். இந்த ஒரு வாரம் புதிதாக எதையும் முயல வேண்டாம். இருப்பதை அப்படியே பார்க்க வேண்டும்.

வாரக் கடைசியில் மூன்று பட்டியல் போடுங்கள். எப்போது கொடுத்தாலும் சாப்பிடுவது 'உறுதி'. சில நாள் சாப்பிடுவது 'சில நாள்'. முன்பு சாப்பிட்டு நிறுத்தியது 'போனது'.

பிறகு உறுதிப் பட்டியலில் இருப்பவற்றுக்குள் என்ன ஒற்றுமை என்று தேடுங்கள். இதுதான் இந்த வழிகாட்டியின் சாவி. என் மகனின் அப்பளமும் பிஸ்கட்டும் காய்ந்தவை, மொறுமொறுப்பானவை, ஒவ்வொரு கடியும் ஒரே மாதிரி உடைபவை. இட்லியும் பாலும் வெள்ளை, நடுவில் எதுவும் தட்டுப்படாதவை. குஸ்காவில் கறி இல்லை, காய் இல்லை, கடைசிப் பருக்கைவரை ஒரே ருசி. அவனுக்குப் பிடித்தது ருசி என்று நான் நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது, அவனுக்கு வேண்டியது அடுத்த வாயும் இதே மாதிரிதான் இருக்கும் என்ற உறுதி.

சாம்பார் சாதத்தை இப்போது அவன் பக்கமிருந்து பாருங்கள். ஒரு வாயில் முருங்கைக்காய் நார், அடுத்ததில் புளிப்பு, அடுத்ததில் கடுகு. நம் மாவட்டத்தின் பெருமையான இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் இந்தக் குழந்தைகளுக்கு மிகக் கடினமான காய். தோல் ஒரு பதம், சதை ஒரு பதம், நடுவில் விதை. அதைத் துப்பினால் அது திமிர் இல்லை.

3. பாலையும் கொறிப்பதையும் நேரத்துக்குள் கொண்டுவாருங்கள்

நோட்டைப் பார்த்ததும் அநேக வீட்டில் தெரியவருவது, குழந்தைக்குப் பசிக்கவே இல்லை என்பது. 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் தேவை ஏறத்தாழ 1,360 கலோரி. ஒரு லிட்டர் பசும்பால் அதில் பாதியை அடைத்துவிடும். அதோடு பாலில் இரும்பு மிகக் குறைவு. அதிகப் பால் மற்ற உணவிலிருந்து இரும்பு சேர்வதையும் குறைக்கும்.

பாலை 400 முதல் 500 மில்லிக்குள் கொண்டுவருவது இலக்கு. ஆனால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். பால்தான் முக்கிய உணவு என்றால் அதை வெட்டியதும் குழந்தை வேறு எதற்கும் மாறாது, பட்டினி கிடக்கும். 4 நாளுக்கு ஒருமுறை 50 மில்லி குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த நேரப் பாலைக் குறைப்பது? சாப்பாட்டுக்கு முந்தைய வேளைப் பாலை. அப்போதுதான் அந்த வேளைக்குப் பசி வரும்.

அப்புறம், ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் இடைவெளி. நடுவில் தண்ணீர் மட்டும். ஒரு நாளைக்கு ஐந்து வேளை என்று படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் படம் புரியும். அடுத்தது எப்போது என்று தெரிந்த குழந்தை நடுவில் அழுவது குறையும்.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. "பசிச்சா தானா சாப்பிடுவான், இரண்டு நாள் விட்டுப் பாரு." எனக்கும் ஓர் இடத்தில் இப்படிச் சொல்லி அனுப்பினார்கள். ஒன்றரை நாள் விட்டோம். அவன் தண்ணீரும் குடிக்காமல் சோர்ந்துவிட்டான், குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. மற்றக் குழந்தைகளுக்கு அந்த யோசனை பலிக்கலாம். பசி என்ற உணர்வையே தெளிவாக அறிய முடியாத குழந்தைக்குப் பலிக்காது. ஒவ்வொரு வேளையிலும் உறுதிப் பட்டியலில் ஒன்று தட்டில் இருந்தே ஆக வேண்டும்.

4. உட்காரும் இடத்தைச் சரிசெய்யுங்கள்

கால் தொங்கிக்கொண்டிருந்தால் குழந்தையின் கவனம் விழாமல் இருப்பதில் போய்விடும், மெல்லுவதற்கு மிச்சம் இருக்காது. தசை தளர்வான குழந்தைகளுக்கு இது இன்னும் அதிகம். நாற்காலி என்றால் பாதம் முழுதாக ஸ்டூலில் பதிய வேண்டும். தரை என்றால் முதுகு சுவரில் சாய, தட்டு ஒரு மனைமேல் இருக்கட்டும்.

இடம் தினமும் அதே இடம். தாளிக்கும் நெடி வரும் சமையலறை வாசல் வேண்டாம். தாளிப்பு முடிந்து புகை அடங்கியபின் கூப்பிடுங்கள். மிக்ஸி சத்தமும் அப்படித்தான். ஒரு வேளைக்கு 20 நிமிடம் டைமர் வையுங்கள், அரை மணிக்கு மேல் போக வேண்டாம். மணி அடித்ததும், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், திட்டாமல் தட்டை எடுத்துவிடுங்கள்.

5. கட்டாயத்தையும் போனையும் விடுங்கள்

மூக்கைப் பிடித்து ஊட்டுவது, குழந்தையின் கையைக் கட்டிப்பிடித்துத் திணிப்பது, "ஒரே ஒரு வாய்டா கண்ணு" என்று கரண்டியோடு துரத்துவது எல்லாம் நிற்க வேண்டும். அழும் வாயில் போடும் உணவு மூச்சுக்குழாய்க்குப் போகலாம். அதோடு தட்டைப் பார்த்தாலே பயம் என்று ஆகிவிடும். பயந்த உடம்புக்குப் பசி எடுக்காது.

"கீரை சாப்பிட்டா பிஸ்கட்" என்ற பேரமும் வேண்டாம். அதனால் பிஸ்கட் பரிசாகவும் கீரை தண்டனையாகவும் மனதில் பதியும்.

போனைக் காட்டி ஊட்டினால் வயிற்றுக்குள் போகும், உண்மைதான். ஆனால் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே விழுங்கும் குழந்தையிடம் புதிய உணவைப் பழக்க முடியாது. போனை ஒரேயடியாகப் பிடுங்கினால் சாப்பாடும் சேர்ந்து போகும். முதல் வாரம் ஒலியைக் குறையுங்கள். பிறகு போனைத் தள்ளி வையுங்கள். பிறகு கடைசி 5 நிமிடம் மட்டும் இல்லாமல். பிறகு ஒரு வேளை முழுதும் இல்லாமல். எங்களுக்கு இதற்கு 7 வாரம் ஆயிற்று.

வீட்டுப் பெரியவர்கள் இந்தப் படியில்தான் முரண்டு பிடிப்பார்கள். "நாங்க பிள்ளை வளர்க்கலையா?" என்பார்கள். சண்டைக்குப் போகாதீர்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சாப்பாட்டுச் சிக்கல் வர மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு வாய்ப்பு என்று 2013-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வளர்ப்பில் வந்த குறை இல்லை என்று தெரிந்ததும் என் மாமியார் அமைதியானார். அவருக்கு ஒரு வேலையும் கொடுத்தேன்: தினமும் சாயங்காலம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஊட்டாமல், தன் சாப்பாட்டைத் தான் சாப்பிடுவது. அவன் ஆயாவின் வாயைப் பார்த்துப் பார்த்துத்தான் மெல்லவே கற்றுக்கொண்டான்.

6. பிடித்ததிலிருந்து ஒரே ஒரு மாற்றம்: சங்கிலி கட்டுதல்

இப்போதுதான் புதிய உணவு. மேலே உள்ள ஐந்துக்கும் இரண்டு மாதம் ஆகியிருந்தால் சரியான வேகத்தில் வந்திருக்கிறீர்கள்.

விதி ஒன்று: உறுதியான உணவில் கை வைக்காதீர்கள். அது தட்டில் அப்படியே இருக்கட்டும். மாற்றியது பக்கத்தில், இரண்டாவது சின்னத் தட்டில் வரட்டும்.

விதி இரண்டு: ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற வேண்டும். வடிவம் மாறினால் ருசி மாறக் கூடாது. ருசி மாறினால் நிறம் மாறக் கூடாது.

விதி மூன்று: ஒளித்துக் கொடுக்காதீர்கள். நான் செய்த தவறு இது. இட்லி மாவில் ஒரு டீஸ்பூன் முருங்கைக்கீரைப் பொடி கலந்தேன். நம் கண்ணுக்குத் தெரியாத பச்சைப் புள்ளி அவனுக்குத் தெரிந்தது. அன்றோடு இட்லி போயிற்று, எட்டு மாதம். அவன் உறுதிப் பட்டியலில் 4 பொருள்தான் மிச்சம். எதைக் கலந்தாலும் அவன் பார்க்கத்தான் கலக்க வேண்டும் என்பதை அந்த எட்டு மாதம் கற்றுத்தந்தது.

எங்கள் முதல் சங்கிலி அப்பளத்தில் தொடங்கியது. முதலில் அதே அப்பளம், ஆனால் உடைத்தது. வடிவம் மட்டும்தான் மாற்றம், அதற்கே 9 நாள். அடுத்து வேறு கம்பெனி அப்பளம். பிறகு அப்பள அளவுக்கு வட்டமாக, கண்ணாடி மாதிரி மெல்லிசாக முறுகலாக வார்த்த தோசை. அது ஏறியதும் பெரிய முறுகல் தோசை. அதன்பிறகு அவன் எதிரிலேயே ஒரு கரண்டி மாவில் அரை டீஸ்பூன் கேழ்வரகு மாவு கலந்து ஒரு சின்னத் தோசை, பக்கத்துத் தட்டில். 4, 5 நாளுக்கு ஒருமுறை அரை டீஸ்பூன் கூட்டினோம். நிறம் மெதுவாகக் கறுத்தது. அவனும் அதோடு மெதுவாக வந்தான். ஐந்தாவது மாதம் பாதிக்குப் பாதி கேழ்வரகு. இன்று முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை தின்கிறான், ஓரம் மொறுமொறுப்பாக இருந்தால். அங்கே வர 14 மாதம்.

ஏன் களி கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். நம் பக்கம் களியும் கூழும்தானே பிள்ளைகள் சாப்பாடு? மொறுமொறுப்பில் நிற்கும் குழந்தைக்குக் களி நேர் எதிர்த் துருவம். சத்து அதே கேழ்வரகுதான். எந்தப் பதத்தில் போகிறது என்பதை அவன் முடிவு செய்யட்டும். அங்கன்வாடிச் சத்துமாவையும் இப்படியே மெல்லிய அடையாகச் சுடலாம்.

வழவழப்பு மட்டும் ஏற்கும் குழந்தைக்குச் சங்கிலி வேறு. பால் அதே பாட்டிலிலிருந்து டம்ளருக்கு மாறட்டும். பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தில் அதே பாலில் வடிகட்டிய கேழ்வரகுப் பால் ஒரு டீஸ்பூன் விட்டுக் காய்ச்சியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்கிக் கரண்டியால் எடுக்கும் பதத்துக்கு வந்தால், அங்கிருந்து நன்றாக மசித்த பால்சோறு. பிறகு மசிப்பதைக் குறைப்பது. இந்தச் சங்கிலியில் பருக்கை தட்டுப்படும் கட்டம்தான் கஷ்டம். அங்கே ஒரு மாதம் நின்றாலும் நிற்கட்டும்.

கடைச் சாப்பாடு மட்டும் என்றால் உறையிலிருந்து தொடங்குங்கள். குஸ்காவைப் பொட்டலமாகவே வைத்துச் சாப்பிட்டான். பிறகு பொட்டலத்தைத் தட்டில் வைத்துப் பிரித்தேன். பிறகு தட்டில் கொட்டினேன். அப்புறம் பக்கத்தில் வீட்டுக் குஸ்கா ஒரு டீஸ்பூன், அதே சீரக சம்பா அரிசியில். கடைக் குஸ்காவில் எண்ணெயும் உப்பும் அதிகம் என்று அவசரப்பட்டு நிறுத்தியிருந்தால் வீட்டுக் குஸ்கா வந்திருக்காது. வீட்டுக் குஸ்கா வந்தபின் முட்டை வெள்ளையைப் பருக்கை அளவில் சீவிப் பக்கத்தில் வைத்தோம்.

ஒரே பொருளை ஒரே மாதிரி தினமும் கொடுத்தால் ஒருநாள் சலித்து அடியோடு விட்டுவிடும் குழந்தைகள் இருக்கிறார்கள். அதனால் ஓர் உறுதி உணவை அடுத்தடுத்த இரண்டு நாள் கொடுக்காமல் முடிந்தவரை சுழற்றுங்கள். 5 பொருள்தான் என்றால் வேளைக்காவது சுழற்றுங்கள்.

7. தட்டிலிருந்து வாய்வரை உள்ள தூரம்

பக்கத்துத் தட்டில் வைத்தது வாய்க்குப் போக எத்தனை படி? அறையில் இருக்க விடுவது, தட்டு பக்கத்தில் இருக்க விடுவது, கரண்டியால் தொடுவது, விரலால் தொடுவது, முகர்வது, உதட்டில் வைப்பது, நாக்கில் வைப்பது, கடித்துத் துப்புவது, மென்று துப்புவது, விழுங்குவது. ஒவ்வொன்றும் முன்னேற்றம்தான். நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். எழுதாவிட்டால் எதுவும் நடக்கவில்லை என்றே தோன்றும்.

துப்ப ஒரு கிண்ணம் கட்டாயம் வையுங்கள். துப்பலாம் என்று தெரிந்த குழந்தைதான் வாயில் போட்டுப் பார்க்கும். ஓங்கரித்தால் ஒரு படி கீழே இறங்குங்கள், முகத்தில் எதையும் காட்டாதீர்கள்.

மற்றக் குழந்தைகளுக்கே ஒரு புதிய உணவு பழக 10, 15 முறை பார்க்க வேண்டியிருக்கும். நம் குழந்தைகளுக்கு அதைவிட அதிகம். மூன்று முறை வைத்துவிட்டு "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதுவதுதான் நான் பார்க்கும் தவறுகளில் அதிகம் நடப்பது. வைக்கும் அளவும் சின்னதாக இருக்கட்டும், பட்டாணி அளவு. தட்டு நிறைய வைத்தால் பார்த்ததும் ஓடிவிடும்.

சாப்பாட்டு வேளைக்கு வெளியே தொடவிடுவதும் உதவும். உழவர் சந்தைக்குக் காலை ஆறரைக்குக் கூட்டிப்போங்கள், கூட்டமும் கூச்சலும் சேர்வதற்குள். கொய்யாவைத் தூக்கிப் பையில் போடட்டும். மல்லாட்டை (வேர்க்கடலை) உரிக்கட்டும். சாப்பிடச் சொல்லாதீர்கள். ஆனால் 5 வயதுக்குக் கீழே முழு மல்லாட்டையை வாயில் போட விடக் கூடாது, தொண்டையில் அடைக்கும்.

8. சங்கிலி வளரும்வரை சத்தை எப்படி ஈடுகட்டுவது

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-ல் தந்த பரிந்துரைப்படி 4 முதல் 6 வயதுக்கு ஒரு நாளைக்குப் புரதம் 16 கிராம், கால்சியம் 550 மில்லிகிராம், இரும்பு 11 மில்லிகிராம். உங்கள் நோட்டை இதனோடு வைத்துப் பாருங்கள். 400 மில்லி பால் குடிக்கும் குழந்தைக்குக் கால்சியம் கிட்டத்தட்ட 480 மில்லிகிராம், புரதம் 12, 13 கிராம் கிடைத்துவிடுகிறது. ஆக, பால் குடிக்கும் குழந்தைக்கு உண்மையில் குறைவது இரும்பும் வைட்டமின் சி-யும். பால் தொடாத குழந்தைக்குக் குறைவது கால்சியம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. எள் அதைவிட மேல். பால், முட்டை, கறி மூன்றும் இல்லையென்றால் பி12 கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் வைட்டமின் சி ஏராளம், 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல். பழத்தைத் தொடாத குழந்தை எலுமிச்சைச் சாறு குடித்தாலும் கொஞ்சம் ஈடாகும். அதை இரும்புள்ள உணவோடு சேர்த்துக் கொடுத்தால் இரும்பும் நன்றாகச் சேரும். டீ எதிர்வேலை செய்யும். பொறையை டீயில் தொட்டுச் சாப்பிடும் பழக்கம் இருந்தால் மெதுவாகப் பாலுக்கு மாற்றுங்கள்.

பட்டியலில் 20 பொருளுக்குக் குறைவு என்றால் விட்டமின் மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். இரும்பு டானிக் அளவு மீறினால் விஷம், குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். மருந்தைப் பாலிலோ உறுதி உணவிலோ கலக்காதீர்கள். ருசி மாறிப் பாலும் போய்விடும். மருந்துக்கென்று தனிக் கரண்டி, தனி நேரம்.

கோதுமையையும் பாலையும் அடியோடு நிறுத்தினால் ஆட்டிசம் குறையும் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. 5 பொருள் சாப்பிடும் குழந்தையிடமிருந்து அதில் இரண்டைப் பிடுங்குவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. ஒவ்வாமை இருக்கிறது என்று மருத்துவர் சோதித்துச் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.

9. பள்ளி, கல்யாணம், ஊர்ப் பயணம்

பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் முட்டையும் கிடைத்தாலும் அந்தக் கூட்டத்தில், தட்டுச் சத்தத்தில், குழந்தை சாப்பிடாமல் போகலாம். ஆசிரியரிடம் ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: டப்பாவில் உள்ளதைச் சாப்பிட விடுங்கள், ஊட்ட வேண்டாம், மிச்சம் இருந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். சத்தம் குறைந்த மூலையில் 10 நிமிடம் முன்னதாக உட்கார வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். பள்ளி டப்பாவில் உறுதி உணவு மட்டும். சங்கிலிப் பயிற்சி வீட்டில்தான்.

கல்யாணத்துக்குப் போனால் டப்பா உங்களோடு வரட்டும். பந்தியில் இலை போட்டு "ஒண்ணுமே சாப்பிடலையே பையன்" என்று யாராவது கேட்பார்கள். "வீட்ல சாப்பிட்டுட்டான்" என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்துவிடுங்கள். விளக்கம் சொல்ல அது இடமில்லை.

10. ஓர் உணவு போய்விட்டால்

காய்ச்சலுக்குப் பிறகோ, பிஸ்கட் உறையின் நிறம் மாறியதாலோ, காரணமே தெரியாமலோ ஓர் உறுதி உணவு போகும். பதறி மறுநாளும் அதையே நீட்டாதீர்கள். இரண்டு வாரம் கண்ணில் காட்டாமல் வையுங்கள். பிறகு கடைசியாக அவன் ஏற்ற வடிவத்துக்கு ஒரு படி முன்னால் போய், வாய்க்கு அல்லாமல் பக்கத்துத் தட்டுக்கு மட்டும் கொண்டுவாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று உணவு போனாலோ, எடை குறைந்தாலோ, ஒரு நாள் முழுதும் தண்ணீரே இறங்காவிட்டாலோ வீட்டில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

எங்கள் இட்லி திரும்பியது மினி இட்லியாக. பழைய தட்டு, பழைய வடிவம் இரண்டையும் எடுத்துவிட்டு, காசு அளவுக்கு வெள்ளை இட்லி மூன்று ஊற்றி, மாவைக் கரைக்கும்போதே அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். முதல் 11 நாள் அவற்றை வரிசையாக அடுக்கினான். 12-வது நாள் ஒன்றை நக்கிவிட்டு வைத்தான். நோட்டில் அந்தத் தேதிக்கு நேராக 'நாக்கு' என்று எழுதியிருக்கிறேன்.